நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு

பிரசவத்துக்குப் பிந்தைய மாதவிடாய் மாற்றங்களும் உழைக்கும் பெண்களும்

(தில்லியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூலி, வேலைநேரம், குடியிருப்பு, ரேஷன் ஆகியவற்றைப் பற்றி விவாதிக்கும் அரங்கில் மாதவிடாயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இது மருத்துவரிடம் பேச வேண்டிய பொருள், அல்லது தாய் மகளிடம் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டிய பொருள் என்பதே பொதுவான எண்ணம். ஆனால், வாழ்க்கைக்குத் தேவையான பொருள்களின் உற்பத்தியையும் மனிதர்களையே உருவாக்கும் மறுவுற்பத்தியையும் வரலாற்றின் இரு அடிப்படைகளாக ஏங்கெல்ஸ் 1884-இல் வெளிவந்த தமது நூலில் சேர்த்தே வைத்தார். முதலாவதற்குக் கூலி குறைவாகவேனும் கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டாவதன் செலவு பெண்ணின் உடலிலிருந்து கழிக்கப்படுகிறது. எந்தக் கணக்கிலும் அது எழுதப்படுவதில்லை. பிரசவத்துக்குப் பின் அவளுடைய மாதவிடாயில் ஏற்படும் மாற்றங்கள் அந்தச் செலவின் ஒரு பகுதி. எனவே இது அரசியல் பொருளே.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. தொல்காப்பியம் 'பூப்பு' என்ற சொல்லை ஆள்கிறது. பின்னர் 'தூரம்', 'தீட்டு', 'வீட்டுக்கு விலக்கு' போன்ற சொற்கள் வந்தன. இவை அனைத்தும் பெண்ணை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றிய சொற்கள். 'மாதவிடாய்' மட்டும் வேறு வகையானது. விடாய் என்றால் களைப்பு. தாகம் என்றும் பொருள். பெண் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், அவள் உடல் என்ன உணர்கிறது என்பதைச் சொல்லும் பெயர் அது. அந்தக் களைப்பை ஒரு தொழிலாளியின் களைப்பாகக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உடலின் கணக்கு

முதலில் உடலில் நடப்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். பிரசவமானதும் தொடங்கும் உதிரப்போக்கு மாதவிடாய் அல்ல. நச்சுக்கொடி பிரிந்த இடம் ஆறும்போது கருப்பை தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் போக்கு அது. முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், இறுதியில் வெளிர் மஞ்சளாகவும் மாறி, 4 முதல் 6 வாரங்களில் அது நிற்கும்.

மாதவிடாய் எப்போது திரும்பும் என்பதற்கு ஒரே விடை இல்லை. தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் திரும்பிவிடும். பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஓராண்டைத் தாண்டினாலும் வியப்பில்லை. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற இயக்குநீர், சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுத்துவைப்பதே இதற்குக் காரணம். குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், அந்தக் காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு 100-க்கு 2-ஐ விடக் குறைவு. இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்தக் காப்பு இல்லை. முதல் மாதவிடாய்க்கு முன்பே சினைமுட்டை வெளிப்பட்டுவிடும் என்பதால், ஒரு முறைகூட மாதவிடாயைக் காணாமலேயே அடுத்த கருவைச் சுமக்கும் பெண்களும் உண்டு.

இங்கேயே வர்க்கம் குறுக்கிடுகிறது. காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைத்து, பிற்பகல் 3 மணிக்குத் திரும்பும் பெண்ணால் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க முடியுமா? அவள் குழந்தை புட்டிப்பாலுக்கோ கரைத்த மாவுக்கோ மாறுகிறது. அவளுடைய மாதவிடாய் விரைவில் திரும்புகிறது. பிரசவத்தில் இழந்த ரத்தம் ஈடாகும் முன்பே அடுத்த இழப்பு தொடங்கிவிடுகிறது. விடுப்பு இல்லாமை உடலின் சுழற்சியையே மாற்றிவிடுகிறது.

திரும்பிய பிறகும் முதல் சில சுழற்சிகள் பழையபடி இருப்பதில்லை. நாள் தள்ளிப்போகும், சிலருக்கு ரத்தம் கூடும், கட்டியாகப் படும், வலி சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். இவற்றுள் பெரும்பாலானவை இயல்பானவை. சில மாதங்களில் சீராகிவிடும். சீராகாதவற்றைப் பிரித்தறிவதே முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அது தொடர்ந்து சில மணி நேரம் நீடித்தால் அது அவசர நிலை. காய்ச்சல், துர்நாற்றம், நின்ற உதிரப்போக்கு மீண்டும் பெருகுதல் ஆகியவை கிருமித் தொற்றையோ, நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருப்பதையோ காட்டலாம். மாதவிடாய் முடிந்த பிறகும் பல நாள் கசிவு தொடர்ந்தால், சிசேரியன் வடு ஆறிய இடத்தில் உண்டான பள்ளத்தில் ரத்தம் தேங்குவது காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன் என்று ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) கூறும்போது, இதைச் சிலருக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. குழந்தை பெற்ற முதல் ஆண்டில் தைராய்டு சுரப்பியில் அழற்சி ஏற்பட்டும் மாதவிடாய் நிலைகுலையலாம்.

மாதவிடாய் திரும்பவே திரும்பாத நிலையும் உண்டு. பிரசவத்தின்போது பெருமளவு ரத்தம் இழந்து, உரிய நேரத்தில் ரத்தம் ஏற்றப்படாவிட்டால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சேதமடையலாம். 1937-இல் இதை விவரித்த ஹெரால்டு ஷீஹன் என்ற மருத்துவரின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. பால் சுரக்காது, மாதவிடாய் வராது, தீராத அசதி, குளிர் தாங்காமை, குறை ரத்த அழுத்தம் ஆகியவை தொடரும். குறைந்த செலவில் கிடைக்கும் இயக்குநீர் மாத்திரைகளால் இதைக் கட்டுப்படுத்த முடியும். ஆனால், ஆண்டுக்கணக்கில் நோயென்றே அறியப்படாமல், 'சோம்பேறி', 'பால் கொடுக்காதவள்' என்ற ஏச்சுகளோடு அந்தப் பெண் வாழ்ந்துகொண்டிருப்பாள். 'குழந்தை பிறந்த பிறகு மாதவிடாய் வந்ததா?' என்ற ஒரு கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் யார்?

அரசின் கணக்கு

பிரசவித்த பெண்ணை அரசு 42 நாட்கள் பார்க்கிறது. உலக அளவில் பேறுகால மரணம் என்பதற்கான வரையறையே கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ நேரும் மரணம் என்பதுதான். இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 97 என்ற அளவுக்கு (2018–20) பேறுகால மரணம் குறைந்திருக்கிறது. இது பொது மருத்துவ ஊழியர்களின் உழைப்பில் விளைந்த சாதனை; அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்பதும் நலமாக இருக்கிறாள் என்பதும் ஒன்றல்ல.

மருத்துவமனையில் பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் செல்ல வேண்டும். இந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருப்பது பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. முழுச் சுற்றுக்கும் அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை 250 ரூபாய். அதற்குப் பிறகு 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் அவர் மீண்டும் வருகிறார், அப்போதும் குழந்தைக்காகவே. பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி பொருத்திக்கொள்ள ஒரு பெண்ணை அழைத்துவந்தால் 150 ரூபாய் என்று திட்டம் வகுக்கப்பட்டது. 'உனக்கு ரத்தம் எப்படிப் படுகிறது?' என்று கேட்பதற்குப் பட்டியலில் தொகை ஏதுமில்லை. இதில் ஆஷா ஊழியரைக் குறைகூற ஒன்றுமில்லை. தொழிலாளி என்ற தகுதியும் மாத ஊதியமும் மறுக்கப்பட்டு, பணிக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலி பெறுபவர் அவர். கூலி எதற்கு வைக்கப்பட்டிருக்கிறதோ, அரசின் அக்கறையும் அதற்கே இருக்கிறது.

இதன் விளைவை ரத்தசோகைக் கணக்கில் காணலாம். அதே ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுவதும் 57 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53.4; தில்லியில் 49.9. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. ஒரு மாதவிடாயில் இயல்பாக இழக்கப்படுவது 30 முதல் 40 மில்லிலிட்டர். 80-ஐத் தாண்டினால் மிகை. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை போகலாம். கடனில் தொடங்கிய குடும்பக் கணக்கைப் போன்றது ரத்தசோகையோடு பிரசவித்த பெண்ணின் உடல். ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறதே தவிர, அசல் அடைவதில்லை.

கர்ப்ப காலத்தில் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் நாள்தோறும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது அரசின் சொந்த விதி. முதற்பாதி பலருக்கும் தெரியும். இரண்டாம் பாதி தெரிந்த குடும்பங்கள் குறைவு. குழந்தை வெளியே வந்த பிறகு மாத்திரை எதற்கு என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்கிறார்கள். தாயும் அப்படியே நினைக்கிறாள்.

மஸ்டர் ரோல் பெண்களின் வழக்கு

விடுப்பு என்ற உரிமை எப்படி வந்தது என்பதையும் காண வேண்டும். அது தானாக வந்ததில்லை. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மகப்பேற்று உடன்படிக்கை 12 வாரங்களை முன்வைப்பதற்கு முன்பே, புரட்சி நடந்த ரஷ்யாவில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 16 வாரங்கள் சட்டமாகிவிட்டன. அந்தப் பணியில் முன்நின்றவர் அலெக்ஸாண்ட்ரா கொலந்தாய். பம்பாய் சட்டமன்றத்தில் 1928-இல் மகப்பேற்று மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் வாதாடினார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. நாடு தழுவிய மகப்பேற்று நலச் சட்டம் 1961-இல் வந்தது.

சட்டம் வந்த பிறகும் அது யாருக்கு என்ற கேள்வி நீடித்தது. அதற்கு விடை தேடித் தந்தவர்கள் தில்லிப் பெண் தொழிலாளர்கள். தில்லி மாநகராட்சியில் ஆண்டுக்கணக்கில் மஸ்டர் ரோலில் தினக்கூலிகளாகச் சாலை போட்டு, பள்ளம் தோண்டி உழைத்த பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பு மறுக்கப்பட்டது. நிரந்தர ஊழியர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்றது நிர்வாகம். தொழிற்சங்கம் பிரச்சினையை எழுப்பித் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுசென்றது. 1996-இல் தீர்ப்பாயம் பெண்களின் பக்கம் நின்றது. மாநகராட்சி உயர் நீதிமன்றம் சென்று தோற்றது. உச்ச நீதிமன்றம் சென்றும் தோற்றது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, உழைக்கும் மகளிர் தினத்திலேயே, தினக்கூலிப் பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கருப்பை, தினக்கூலிக்கு வேறொரு கருப்பை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளச் செய்ய இத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது. தில்லி மருத்துவமனையொன்றின் ஒப்பந்த மருத்துவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பயன் தொடர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே பாதையில் அடுத்த அடி.

சட்டத்துக்குள் பலரும் கவனிக்காத பகுதிகள் உள்ளன. 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு, கருத்தடை அறுவை ஆகியவற்றால் உண்டாகும் நோய்க்குச் சான்று காட்டினால் மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு என்பது தெரிவதில்லை. பிரசவத்துக்குப் பின் அடங்காத ரத்தப்போக்கு அத்தகைய நோயே. குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை பாலூட்ட நாள்தோறும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம். இஎஸ்ஐ அட்டை உள்ள பெண்ணுக்கு மகப்பேற்றுப் பயன் முடிந்த பிறகும் நோய்விடுப்புக்கான உதவித்தொகை உரியது. இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குச் சங்கம் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தை விழுங்கிய பிறகும், முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஒப்பந்தக்காரரை அடிக்கடி மாற்றும் ஆலையில் ஒரு பெண் அந்த 80 நாட்களை யாரிடம் நிரூபிப்பாள்?

சட்டம் எட்டாத வீடுகள்

வீட்டுவேலைத் தொழிலாளர்களை இந்தச் சட்டம் எட்டவே இல்லை. பிறர் வீட்டின் சமையலறை சட்டத்தின் பார்வையில் 'நிறுவனம்' ஆகாது. அவர்களுக்கு இருப்பது பிரதமரின் தாய்மை உதவித் திட்டம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. 2017-இல் வந்த திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 என்று சேர்த்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தில்லியின் குறைந்தபட்ச மாத ஊதியம், பயிற்சி தேவைப்படாத வேலைக்கு 18,066 ரூபாய். அதன்படி 5,000 ரூபாய் என்பது ஏறத்தாழ 7 நாள் கூலி. 26 வாரங்கள் ஒருத்திக்கு, 7 நாள் மற்றொருத்திக்கு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு வழங்குகிறது. போதாதெனினும், அரசு விரும்பினால் முடியும் என்பதற்கு அது சான்று.

தில்லித் தமிழர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவர்கள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்கள் 189 மட்டுமே. மாற்று இடம் நகரின் மறுகோடியில் நரேலா. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். வீடு இடிந்தபோது சுவர் மட்டும் இடியவில்லை. நடந்துபோகும் தூரத்தில் இருந்த வேலை, அங்கன்வாடி, மருந்தகம், அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கலைந்தன. பால்குடி மறக்காத குழந்தையோடு நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குப் பேருந்தில் போய்வரும் பெண்ணுக்கு ரத்தப்போக்கு மிகுதியானால், வழியில் ஒதுங்கக் கழிப்பறை எங்கே? தான் கழுவும் வீட்டின் கழிப்பறையைப் பயன்படுத்தவே பல வீடுகளில் அவளுக்கு அனுமதி இல்லை. தீட்டு என்பது கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. நவீன அடுக்குமாடிக் குடியிருப்பில் அது சாதியோடும் வர்க்கத்தோடும் கைகோத்து வாழ்கிறது.

கேட்காமல் செய்யப்படுபவை

பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் தானாக மாறுவது ஒரு பக்கம். அதை மாற்றும் பொருள்கள் உடலுக்குள் வைக்கப்படுவது மற்றொரு பக்கம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி பொருத்தப்படுகிறது. முதற்சில மாதங்களில் அது ரத்தப்போக்கையும் வலியையும் கூட்டும். 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசி, முதலில் ஒழுங்கற்ற கசிவையும் பின்னர் மாதவிடாய் நிற்பதையும் உண்டாக்கும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, 'சாயா' என்ற பெயரில் தரப்படும் மாத்திரை, நாளைத் தள்ளிப்போடலாம். ரத்த அளவைக் குறைக்கலாம். இவற்றில் எதுவும் தன்னளவில் தீயதன்று. கருத்தடை பெண்ணின் உரிமை. பிள்ளைப்பேற்றுக்கு இடையே இடைவெளி கிடைப்பது அவளுடைய உயிரைக் காக்கும். கேள்வி வேறு: என்ன வைக்கப்படுகிறது, அதனால் என்ன மாறும், வேண்டாமென்றால் எங்கே எடுப்பது என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லப்பட்டதா? பிரசவ அறையில், வலியின் நடுவே, காகிதத்தில் வாங்கும் கைநாட்டு ஒப்புதல் ஆகாது.

இந்தக் கேள்விக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1980-களில் நெட்-என் என்ற ஊசி மருந்தை, விவரம் சொல்லாமல் ஏழைப் பெண்களிடம் சோதித்ததை எதிர்த்து, ஐதராபாதின் ஸ்திரீ சக்தி சங்கடனாவும் தில்லியின் சஹேலியும் உச்ச நீதிமன்றம் சென்றன. பொதுத் திட்டத்தில் பெருமளவில் அந்த ஊசியைப் புகுத்துவது உகந்ததன்று என்று அரசே ஏற்றதோடு 2000-இல் அவ்வழக்கு முடிந்தது. தொடர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இத்தகைய மருந்து எப்படிப் பாதுகாப்பாகும் என்ற அன்றைய கேள்வி இன்றும் விடை பெறவில்லை.

சொல்லாமல் விடுவதன் கடைசி எல்லை கருப்பை அகற்றம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-இல் மாநில அரசு அமைத்த குழு, ஆய்வுக்குட்பட்ட 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்ததைக் கண்டறிந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். இளவயதிலேயே இரண்டு மூன்று குழந்தைகள். வெட்டும் பருவத்தில் தண்ணீரோ மறைவிடமோ இல்லை. ரத்தப்போக்கு மிகுந்தால் தனியார் மருத்துவமனை காட்டும் ஒரே வழி அறுவை. கருப்பையை எடுத்த சில நாட்களில் மீண்டும் கரும்புத் தோட்டம். மாத்திரையால் தீர்ந்திருக்கக்கூடிய நோய்க்கு ஓர் உறுப்பே விலையாயிற்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கருப்பை அகற்றங்களைப் பற்றிய வழக்கில், வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. மூலதனத்துக்கு இடைவெளியில்லாத வேலைநாள் வேண்டும். மாதம் தவறாமல் இடைவெளி கேட்கும் உறுப்பை அது வேண்டாத உறுப்பாகக் காண்கிறது.

விடுப்பைப் பற்றிய விவாதம்

மாதவிடாய் விடுப்பைப் பற்றிய விவாதமும் இதனோடு சேர்ந்ததே. 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் அன்றைய ஒன்றிய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஊனம் அல்ல, இயல்பான ஒன்று. எனவே ஊதியத்துடன் கூடிய தனி விடுப்பு தேவையில்லை என்ற பொருளில் பேசினார். இயல்பானது என்பதால் ஓய்வு வேண்டாம் என்றால், பிரசவமும் இயல்பானதுதான், முதுமையும் இயல்பானதுதான். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கட்டாய விடுப்பு பெண்களை வேலைக்கு எடுக்கும் விருப்பத்தைக் குறைக்கக்கூடும் என்று கவலை தெரிவித்து, மாதிரிக் கொள்கை வகுப்பதைப் பரிசீலிக்குமாறு அரசிடம் விட்டது.

அந்தக் கவலையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விடுப்பின் செலவைத் தனி முதலாளி ஒருவரின் தலையில் மட்டும் வைத்தால், அவர் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவார். மகப்பேற்று விடுப்பிலும் இதே நடக்கிறது. அதற்கு மாற்று, உரிமையைக் கைவிடுவதல்ல. இஎஸ்ஐ போன்ற சமூக நிதியிலிருந்து, ஆண் பெண் அனைவருக்குமான பங்களிப்பிலிருந்து அதை ஏற்பது. பீகாரில் 1992 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சிறப்பு விடுப்பு இருந்துவருகிறது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் தனியார் துறையையும் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. பிரசவித்த முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த விடுப்பின் தேவை மிகுதி என்பதை விவாதத்தில் எழுப்புவது இடதுசாரிகளின் பொறுப்பு.

ஓய்வின் மதிப்பைப் பற்றி 'மூலதனம்' முதல் தொகுதியில், இயந்திரத்தைப் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் ஒரு செய்தியைத் தருகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் முடங்கியபோது, நிலைமையை ஆராய எட்வர்டு ஸ்மித் என்ற மருத்துவர் அனுப்பப்பட்டார். வேலையும் கூலியும் இல்லாத அந்த வறுமையிலும் ஒரு நன்மை விளைந்ததாக அவர் தெரிவித்தார்: அபின் கலந்த மருந்தைப் புகட்டித் தூங்கவைப்பதற்குப் பதிலாக, தாய்மார்களுக்குத் தம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க நேரம் கிடைத்தது. தாய்க்குத் தன் குழந்தையைத் தொட்டெடுக்க ஆலை மூட வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 42-ஆம் நாளோடு முடியும் கணக்கை நீட்டிக்கக் கோர வேண்டும். 6-ஆம் மாதத்திலும் 12-ஆம் மாதத்திலும் ஆஷா ஊழியர் குழந்தையைப் பார்க்க வரும்போது தாய்க்கும் ஹீமோகுளோபின் சோதனை, மாதவிடாயைப் பற்றிய விசாரணை, 180 மாத்திரைகளும் கிடைத்தனவா என்ற சரிபார்ப்பு ஆகியவை சேர வேண்டும். அந்தப் பணிக்கு ஆஷா ஊழியருக்கு உரிய ஊதியமும் வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை.

இரண்டாவதாக, தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் கூடுதல் ஒரு மாத விடுப்பும், பாலூட்டும் இடைவேளையும், கழிப்பறையும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். கட்டுமானப் பெண் தொழிலாளர்களின் நலவாரியப் பதிவைப் புதுப்பித்தால்தான் மகப்பேற்று உதவி கிடைக்கும். அந்தப் பணியைக் கிளைகள் மேற்கொள்ளலாம். வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான தனிச் சட்டம் என்ற நீண்டநாள் கோரிக்கையில் மகப்பேற்றுப் பயன் தலையாய கூறாக வேண்டும்.

மூன்றாவதாக, குடியிருப்புகளில் நடக்கும் மகளிர் கூட்டங்களில் இன்று பேசிய உடற்செய்திகளை எளிய சொற்களில் எடுத்துச் செல்ல வேண்டும்: எது இயல்பு, எது அவசரம், எதற்கு ஒப்புதல் கேட்கப்பட வேண்டும், கருப்பையை எடுக்கச் சொன்னால் அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தை எப்படிக் கேட்பது என்பவை.

நான்காவது கட்சிக்கு உள்ளே செய்ய வேண்டியது. துடிப்பாகப் பணியாற்றிய ஒரு பெண் தோழர் குழந்தை பிறந்த பிறகு கூட்டங்களுக்கு வராமலாகும்போது, 'குடும்பத்தில் மூழ்கிவிட்டார்' என்று கிளைக் குறிப்பேட்டில் எழுதுவது எளிது. அவருக்கு இரவு 8 மணிக்குத் தொடங்கும் கூட்டம் பொருந்துமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா, அவர் உடல் எப்படி இருக்கிறது என்று கேட்பது அதைவிடக் கடினம். ஆண் தோழர்கள் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். 180 மாத்திரைகள் முடிந்தனவா என்று மனைவியிடமோ மகளிடமோ கேட்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. வெட்கத்தை விட்டால் போதும்.

மஸ்டர் ரோல் பெண்கள் கேட்டது சலுகை அன்று. சாலை போடும் கையும் தொட்டில் ஆட்டும் கையும் ஒன்றே என்பதை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்றே கேட்டார்கள், வென்றார்கள். அந்த வெற்றி இன்னும் கோடிக்கணக்கான பெண்களின் வாசலை எட்டவில்லை. அதைக் கொண்டுசேர்ப்பது அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களின் கடமை. அதில் இந்த அறையில் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு.